மனை இல்லை மச்சான், வாடகை!

சேதராப்பட்டில் மனை வாங்கிப் போட்டவங்க கதையைக் கேட்டுட்டு, "நாமளும் தமிழ் டொமைன் நாலு வாங்கிப் போடுவோமா?"ன்னு உங்க ஹாஸ்டல்லயும் பேச்சு ஓடுதா? கொஞ்சம் பொறுங்க.

மனை சொந்தம். டொமைன் வாடகை, பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் கைவிட்டுப் போகும். '.இலங்கை' 2010-லேயே வந்துவிட்டது, '.இந்தியா', '.சிங்கப்பூர்' 2011-இல். ஆனால் நாம இன்னும் தங்கிலீஷில்தானே தேடுறோம்? தமிழில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் பல படிவங்கள் ஏற்பதே இல்லை. பிரபல நிறுவனத்தின் பெயரை வாங்கி விற்கப் பார்த்தால், புகார் வந்து பெயரும் பறிபோகும்.

மெஸ் காசைப் பத்துப் பெயரில் முடக்காதீங்க. ஒரே பெயர் வாங்குங்க; அதில் நாலு பேருக்குப் பயன்படும் தளம் ஒன்றைக் கட்டுங்க. ஆள் நடமாட்டம் வந்தால்தான் மனைக்கே விலை!