கீழாநெல்லியும் அதன் ஒன்றுவிட்ட தம்பியும்

சென்ற ஞாயிறு காலை சௌகிட் சந்தையில், உலாம் கீரைகளுக்கும் பாண்டான் இலைக்கும் நடுவே வேரோடு பிடுங்கிய ஒரு பச்சைக் கட்டு கண்ணில் பட்டது. “டுக்குங் அனாக்” என்றார் கடைக்கார மக்சிக். பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது என்று பொருள். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குவதால் அந்தப் பெயர். நாம் அதையே பார்த்துக் கீழாநெல்லி என்றோம். எனக்கென்னவோ மலாய்ப் பெயர்தான் இன்னும் அழகு.

கட்டு 3 ரிங்கிட். வாங்கி அவிழ்த்துப் பார்த்தேன். பாதிச் செடிகளில் தண்டு பச்சை. வழுவழுப்பான காய் சிறு காம்பில் தொங்கியது. மீதியில் தண்டு சிவப்பு. சொரசொரப்பான காய் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இது கீழாநெல்லியின் ஒன்றுவிட்ட தம்பி, வேறு செடி. “எல்லாம் ஒன்றுதான்” என்று சிரித்தார் மக்சிக். அவர் ஏமாற்றவில்லை. பறித்தவர் அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லியைச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடைகளில் உறவுச் செடிகள் இருந்தன. பச்சைக் கட்டையாவது திருப்பிப் பார்க்கலாம். காய்ந்து பொடியான பிறகு திருப்ப இலை ஏது?

சரியான செடியே கிடைத்தாலும்? 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாம். பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. நண்பரின் அப்பாவுக்குக் கண் மஞ்சளானதும் வீட்டில் மூன்று வாரம் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தார்கள். குளிர்காய்ச்சல் கண்ட பிறகுதான் மருத்துவமனை. ஸ்கேனில் பார்த்தால் பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கிறது. கல்லைக் கீழாநெல்லி என்ன செய்யும்? பெரியவர் பிழைத்தார்; தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள்.

கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். எந்தக் கோளாறு என்று தெரிந்த பிறகு மோரைப் பற்றிப் பேசலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

கட்டிலிருந்த பச்சைத் தண்டுகளை மட்டும் பொறுக்கித் தொட்டியில் நட்டேன். இரண்டு பிடித்திருக்கின்றன.