பறவைக்கு வீடு வைக்குமுன்

ஊரில் ஓட்டு வீட்டு இறவாரத்தில் குருவி கூடு கட்டினால் கலைப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆக்லாந்திலும் மரத்தில் பெட்டி கட்டும் அன்பர்கள் உண்டு. ஆனால் வாயில் பெரிதாக இருந்தால் மைனா குடியேறிவிடும். 1870களில் இங்கே கொண்டுவரப்பட்ட நம் ஊர்ப் பறவையான அது, பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அழிக்கும்.

இந்நாட்டு டூயியும் விசிறிவால் குருவியும் பெட்டியை நாடுவதில்லை. கிளையில்தான் கூடு கட்டும். அவற்றுக்கு வேண்டியது தேன் தரும் கோஃபாய் மரமும், எலித்தொல்லை இல்லாத தோட்டமும். பெட்டியைவிட எலிப்பொறி அவற்றுக்கு அதிகம் உதவும்.

பொந்தில் வாழும் ஹிஹிக்குத்தான் பெட்டி அவசியம். 1995இல் அதை டிரிடிரி மாடாங்கி தீவில் குடியேற்றியபோது, அங்கே புதிதாக வளர்ந்த காட்டில் பொந்துள்ள முதிய மரங்கள் போதவில்லை; பெட்டிகளே கைகொடுத்தன.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பவர்கள் கவனிக்க: துளை 32 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், மைனா நுழையாது. இங்கே வெயில் வடக்கிலிருந்து அடிக்கும், காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஆகவே வாயில் கிழக்கையோ தென்கிழக்கையோ நோக்கட்டும். குளிர்காலத்தில் பழைய கூட்டை அகற்றும்போது கையுறையும் முகமூடியும் அணியுங்கள். எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உண்ணிகள் கடித்தால் தோல் அரிக்கும்.