ஆடை குறைந்தால்தான் கூட்டம் கூடுமா?



எண்ணூரில் நம்மிடம் மாலையில் ஓத வரும் பிள்ளைகளுள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓட்டத்தில் கெட்டிக்காரி. பள்ளி அணிக்குத் தேர்வானாள். கையில்லாச் சட்டையும் தொடை தெரியும் கால்சட்டையும்தான் சீருடை என்றார்கள். முழுக்கால்சட்டை அணியலாமா என்று கேட்டாள். “பார்க்க நன்றாக இராது” என்று விடை வந்தது. அவளுடைய அத்தா நம்மிடம் யோசனை கேட்டார். “விட்டுவிடுங்கள்” என்றோம். அவளும் விட்டுவிட்டாள்.

யார் பார்க்க நன்றாக இராது? இந்தக் கேள்வியை அன்றே நாம் கேட்டிருக்க வேண்டும்.

இது ஒரு பள்ளியில் பிறந்த எண்ணமன்று. பெண்கள் இறுக்கமான கால்சட்டை அணிந்தால் கால்பந்துக்கு ஈர்ப்புக் கூடும் என்று 2004இல் சொன்னவர் ஃபிஃபாவின் அன்றைய தலைவர் செப் பிளாட்டர். 2011இல் உலக பாட்மிண்டன் கூட்டமைப்பு, பெண்கள் பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று விதி வகுத்தது. ஆட்டத்தைக் கவர்ச்சியாகக் காட்டுவதே அதன் நோக்கம். எதிர்ப்பு வலுத்ததால் நடைமுறைக்கு வராமலே அது கைவிடப்பட்டது. 2021இல் நார்வே நாட்டுக் கடற்கரை ஹேண்ட்பால் வீராங்கனைகள், பிகினிக்குப் பதிலாக அரைக்கால்சட்டை அணிந்ததற்காக 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். தம் உடல் விற்பனைச் சரக்காவதை எந்தப் பெண்ணும் விரும்புவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சரி, அவர்களுடைய கணக்காவது சரியா? மகளிர் கிரிக்கெட்டைப் பாருங்கள். ஒரு காலத்தில் பாவாடை அணிந்து ஆடிய நாடுகளும் இன்று முழுக்கால்சட்டை அணிந்தே ஆடுகின்றன. 2020 மார்ச் 8 அன்று மெல்பர்னில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அரங்கில் அமர்ந்து பார்த்தவர்கள் 86,174 பேர். நம் சேப்பாக்கத்தில் 2024இல் இந்திய மகளிர் 6 விக்கெட்டுக்கு 603 ரன் குவித்ததும் அதே முழு உடையில்தான். ஆடை நீண்டதால் கூட்டம் வந்தது என்று நாம் வாதிடவில்லை. ஆடை நீண்டதால் கூட்டம் ஓடிவிடவில்லை என்பதே நம் வாதம். திறமையைக் காண வருபவன் திறமைக்காகவே வருவான். மற்றொன்றைக் காண வருபவன் விளையாட்டின் ரசிகனே அல்லன்.

மார்க்கம் விளையாட்டுக்கும் பகையன்று, அதைப் பார்ப்பதற்கும் பகையன்று. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, அன்னையார் சலிக்கும்வரை பார்க்கும்படி தாமே மறைத்து நின்றிருக்கிறார்கள். சூரா அந்நூர் பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை முதலில் ஆண்களுக்கே விதிக்கிறது. பெண்களைப் பற்றிய வசனம் அதற்கு அடுத்தே வருகிறது.

இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம். தொப்புள் முதல் முழங்கால்வரை ஆணுக்கும் அவ்ரத் என்று மதரஸாவில் ஓதிக்கொடுக்கிறோம். தொடை தெரிய நம் பையன்கள் பந்தாடும்போது கைதட்டுகிறோம். கைப்பேசியில் எதையும் பார்க்கும் மகனைக் கேட்பதில்லை. ஓட விரும்பும் மகளை மட்டும் வீட்டில் இருத்துகிறோம். இதற்கு ஹயா என்று பெயரிடுவது ஹயாவுக்கே இழுக்கு.

வழி இல்லாமலா போயிற்று? 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பஹ்ரைனின் ருகைய்யா அல்-கஸ்ரா தலையும் உடலும் மூடிய உடையில் ஓடி 200 மீட்டரில் தங்கம் வென்றார். ஃபிஃபா 2014இலும், உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இலும் தலைமறைப்புக்கு அனுமதி அளித்தன. 2023 மகளிர் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபுடன் களமிறங்கினார். கேட்டவர்களுக்குக் கதவு திறந்தது. நாமோ கேட்கவே இல்லை.

ஆகவே, பெற்றோரே, உடையைக் காரணம் காட்டி மகளை நிறுத்துமுன் பள்ளிக்குச் சென்று கேளுங்கள். ஜமாஅத்தார் உடன் செல்லுங்கள். நாமும் அந்த மாணவியின் அத்தாவோடு செல்லவிருக்கிறோம். “விட்டுவிடுங்கள்” என்று அன்று சொன்ன பிழைக்கு அதுவே பரிகாரம்.

அல்லாஹ் நமக்கு நல்ல தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.