சத்துணவில் கேழ்வரகு வரட்டும். முட்டையில் கை வைக்காதே!



பள்ளிக்கூடத்துல சோறு போடுறதை நாட்டுக்கே காட்டிக் கொடுத்தது நம்ம மண். 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் கலைஞர் சேர்த்த முட்டை, 2022இல் காலை உணவு. பசியை விரட்டிட்டோம். இனி சத்துக் குறைவையும் விரட்டணும்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு. அரிசியில் சுமார் 10 தான். நெல்லைப் போல வயல்ல தண்ணி கட்டி நிறுத்தவும் வேண்டாம், மானாவாரியிலேயே விளையும். பிள்ளைகளின் எலும்புக்கும் நல்லது, நிலத்தடி நீருக்கும் நல்லது.

நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2023லேயே அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. ரேஷனில் முடிஞ்சது சத்துணவுக் கூடத்தில் முடியாதா?

நம் கோரிக்கை:

✅ வாரம் 2 நாள் சிறுதானியம்
✅ உள்ளூர் உழவரிடம் நேரடிக் கொள்முதல்
✅ உணவுப் பட்டியல் போட ஒன்றியத்துக்கு ஓர் ஊட்டச்சத்து நிபுணர்

ஒண்ணு மட்டும் உறுதி. சிறுதானியத்தின் பேரைச் சொல்லி முட்டையை எடுக்க யார் வந்தாலும் விடமாட்டோம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் புரதம் அதுதான்.

அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமா கொண்டு வாங்க!

#சத்துணவில்_சிறுதானியம்