மலையிலிருந்து நீதிபதி நாற்காலி... நடுவில் அந்த மூன்று வருடங்கள்!

'மலையாளி' என்றதும் கேரளாவை நினைத்துவிடாதீர்கள். கல்வராயன் மலையில் அந்தச் சொல்லுக்கு மலைவாழ் மக்கள் என்றே பொருள். தமிழ் பேசும் இந்தப் பழங்குடியினர் ஜவ்வாதுமலை, ஏலகிரி, கொல்லிமலை, சேர்வராயன் மலைகளிலும் வாழ்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் இந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஸ்ரீபதியின் பெயரைத் தமிழ்நாடே பேசியது. ஜவ்வாதுமலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த அவர், டி.என்.பி.எஸ்.சி நடத்திய சிவில் நீதிபதி தேர்வில் 23 வயதில் தேர்வானார். குழந்தை பிறந்த இரண்டாவது நாளே, பச்சை உடம்போடு சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர் அவர். முதல்வர் ஸ்டாலினும் வாழ்த்துச் சொன்னார்.

அதே வருடம் கல்வராயன் மலையும் கோர்ட்டில் பேசப்பட்டது, ஆனால் சோகமான காரணத்துக்காக. ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதையடுத்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்து சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. சாலை, பள்ளி, மருத்துவ வசதி என ஒவ்வொன்றாக நீதிபதிகள் கேட்கக் கேட்கத்தான், மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கே பல விஷயங்கள் தெரியவந்தன.

அந்த மலையின் பெண் ஒருத்தி நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? ஸ்ரீபதி போன வழியில் போகலாமே என்று தோன்றும். ஆனால், அந்த வழியில் இப்போது ஒரு கதவு கூடியிருக்கிறது.

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத குறைந்தது மூன்று வருடம் வக்கீலாகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட தேர்வுகளுக்கு மட்டும் விலக்கு. இது புது விதியும் அல்ல. 1993-ல் இதே நீதிமன்றம் கொண்டுவந்து, 2002-ல் எடுத்துவிட்ட விதிதான். கோர்ட்டைப் பார்க்காமலே படிப்பு முடித்த கையோடு நாற்காலியில் அமர்ந்தால் தடுமாற்றம் வருகிறது என்பது காரணம். நியாயமான கவலைதான். மனிதர்களின் சொத்தும் சுதந்திரமும் அல்லவா அங்கே முடிவாகிறது!

சிக்கல், அந்த மூன்று வருடங்களை எப்படி ஓட்டுவது என்பதில்தான். அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருந்தால் வீட்டிலேயே சீனியர் கிடைப்பார். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வரும் பெண்ணுக்கு கள்ளக்குறிச்சியில் தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், கோட்டும் கவுனும் வேண்டும். 'எப்போ கல்யாணம்?' என்று கேட்பவர்களுக்கு மூன்று வருடம் பதில் சொல்லவும் தெம்பு வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கல்வராயன் வழக்கை எடுத்த அதே இரு நீதிபதிகள்தான், 2024 ஜூன் மாதம் ஜூனியர் வக்கீல்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை பற்றியும் உத்தரவிட்டார்கள். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய். இந்தப் பணம் மாதாமாதம் கைக்கு வந்தால் மலைப்பெண்ணும் தாக்குப்பிடிப்பாள். வராவிட்டால், மூன்று வருட அனுபவம் என்பது வசதியானவர்களுக்கான தகுதியாகிவிடும்.

வயதுக் கணக்கும் உண்டு. சிவில் நீதிபதியாகத் தொடங்குபவர் முதுநிலை சிவில் நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று ஏற வேண்டும். அதற்கு மேல்தான் உயர் நீதிமன்றம், அங்கே ஓய்வு வயது 62. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிபதிகள் மக்களிடம் ஓட்டுக் கேட்டே வருகிறார்கள். இங்கே படிப்படியாகத்தான் ஏற்றம். 23-ல் முதல் படியில் கால் வைப்பவருக்கும் 32-ல் வைப்பவருக்கும், உச்சியை எட்டும் வாய்ப்பு ஒன்றாக இருக்காது.

சட்டம் படிக்கும் மகளோ தங்கையோ வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். மூன்று வருடக் கணக்கு, பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே ஓடும். அகில இந்திய பார் தேர்வில் தேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம் 750 ரூபாய்தான், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீதிபதிகளிடம் லா கிளார்க்காக வேலை பார்த்த காலமும் அனுபவமாகச் சேரும். 10 வருட அனுபவமுள்ள வக்கீலிடம் சான்றிதழ் வாங்கி, அதில் நீதிமன்ற அதிகாரியின் ஒப்புதலும் பெற வேண்டும் என்பதால், முதல் மாதத்திலிருந்தே ஆஜரான வழக்குகளை ஒரு நோட்டில் எழுதி வரட்டும்.