பொறி எங்கே போயிற்று?

சென்ற இதழில் தையல் இயந்திரத்திற்கு எண்ணெய் இடும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். இம்மாதம் மிக்ஸியைப் பற்றி எழுதுவதாக வாக்களித்ததும் நினைவில் இருக்கிறது. அதனை அடுத்த மாதத்திற்குத் தள்ளி வைக்கிறோம். அதைவிட அவசரமான கடன் ஒன்று நம் தலைமேல் ஏறியிருக்கிறது.

கட்கியில் வசிக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர், பழைய மொபெட் ஒன்றில் தோசை மாவு கொண்டுபோய்ச் சிவாஜி நகர் வரையில் வீடு வீடாகக் கொடுத்து ஜீவனம் நடத்துபவர். பொங்கல் விழாவன்று அவர் நம்மை அணுகி, "ஐயா, வண்டி மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மறுபடியும் கிளம்புகிறது. என்ன செய்யலாம்?" என்று வினவினார். பந்தி போட்டுக்கொண்டிருந்த நேரம். "பிளக்கை மாற்றிப் பாருங்கள். சரிப்படாவிட்டால் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது" என்று சொல்லிவிட்டு நாம் இலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அன்பரோ நம் சொல்லை வேதவாக்காகக் கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பிளக்குகள் வாங்கினார். பிறகு கடைக்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்த சிடிஐ பெட்டியையும் வாங்கி மாட்டச் செய்தார். அதுவரை வழியில் நின்ற வண்டி, அதன்பின் வீட்டிலேயே நின்றது! பழையபடி மாற்றிக்கொண்டு ஓட்டியதில் மே மாத வெயிலில் மாவு புளித்து, நான்கு வீட்டார் வாடிக்கையை நிறுத்திவிட்டனர். "அப்பா, இதைக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள்" என்று மகன் வற்புறுத்துகிறானாம். இவ்வளவையும் எழுதிய அன்பர் நம்மைக் குறை கூறி ஒரு சொல்லும் எழுதவில்லை. அதுவே நம்மை அதிகம் உறுத்திற்று. அடுத்த ஞாயிறன்று ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு கட்கிக்குப் புறப்பட்டோம்.

இத்தகைய வண்டிகள் நம்மவர் இல்லங்களில் இன்னும் பல உள்ளன. 1972இல் இப்புனேயைச் சேர்ந்த கைனடிக் நிறுவனத்தார் லூனாவை வெளியிட்டனர். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. ஒன்று இவ்வூர்ப் பிள்ளை, மற்றொன்று நம்மைப் போலவே பிழைக்க வந்தது. 2024இல் லூனா என்னும் பெயரை மின்சார வண்டி ஒன்றிற்குச் சூட்டினார்கள். அதற்குப் பொறியும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம்.

பழைய வண்டியிலோ எல்லாம் பொறியில்தான் இருக்கிறது. சக்கரம் போன்ற மேக்னெட் சுழலும்போது உள்ளிருக்கும் காயிலில் மின்னோட்டம் உண்டாகிறது. பாயிண்ட் என்னும் சிறு கதவு சட்டென்று திறந்து அவ்வோட்டத்தை அறுக்கிறது. அறுபடும் அக்கணத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டு அழுத்தம் எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழுகிறது. கதவு திறக்கும்போது அங்கேயே பொறி சிந்தி வீணாகாதபடி காத்து நிற்பது கண்டன்சர். சுண்டுவிரல் நுனி அளவே உள்ள பொருள். டூ ஸ்ட்ரோக் இயந்திரம் நிமிஷத்திற்கு 5,000 சுற்று சுற்றினால், அக்கதவும் 5,000 முறை திறந்து மூடுகிறது. அது தேயாமல் என்ன செய்யும்?

கட்கியில் நாம் முதலில் பெட்ரோல் டாங்கின் மூடியைத்தான் பார்த்தோம். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டாலும் வண்டி சிறிது தூரம் ஓடி நிற்கும், சற்றுப் பொறுத்தால் கிளம்பும். மின்சாரக் கோளாறு போலவே நடித்து ஏமாற்றும். நின்றவுடன் மூடியைத் திறந்ததும் வண்டி கிளம்பினால் குற்றம் துளையினுடையது. இங்கே துளை சுத்தமாக இருந்தது.

அடுத்து, வண்டியை நிற்கும் வரையில் ஓட்டி, நின்ற அவ்விடத்திலேயே பிளக்கைக் கழற்றி, தொப்பியில் செருகி, அதன் உலோக உடல் என்ஜினைத் தொடுமாறு வைத்துப் பெடலை மிதிக்கச் செய்தோம். இதில் ஓர் எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிய துளையின் அருகில் பொறியைக் காட்டலாகாது. உள்ளிருந்து பெட்ரோல் ஆவி சீறி வரும், தீப்பற்றும். தொப்பியை வெறுங்கையால் பிடித்தலும் வேண்டாம். குளிர்ந்திருந்தபோது நீலமாகவும் தடிப்பாகவும் விழுந்த பொறி, சூடேறியபின் மஞ்சள் நூல் போல் மெலிந்திருந்தது. எஞ்சின் நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். அக்கம்பி உராய்ந்து உடலைத் தொட்டாலும் பொறி செத்துவிடும், காசு செலவில்லாத சோதனை இது. மாற்றம் இல்லை. மேக்னெட்டின் ஜன்னல் வழியே நோக்கியபோது பாயிண்டில் பொறி பொலபொலவென்று சிந்திக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டியது அங்கே போய்க்கொண்டிருந்தது!

கண்டன்சர்தான். சூட்டில் அதன் உட்காப்பு தளர்ந்துவிட்டது. பாயிண்டின் ஒரு முகம் குழிந்து, மறு முகம் மேடிட்டிருந்தது. மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியால் அடித்துக் கழற்றுவோர் உளர், காந்தத்திற்கும் கேடு, அச்சுக்கும் கேடு. பக்கத்துத் தெரு மிஸ்திரி கழற்றித் தந்தார். கண்டன்சரையும் பாயிண்டையும் புதிதாக்கி, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தோம். பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு அது பொருந்தும், வண்டிக் கையேடு வேறு கூறினால் கையேட்டின்படியே செய்க. இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். பிளக்கின் இடைவெளி 0.5 முதல் 0.6 வரை இருக்கலாம்.

இனி அந்த சிடிஐ பெட்டி. நாம் அவசரத்தில் சொன்ன பிழை இங்கேதான். எலக்ட்ரானிக் முறை நல்லதே. தேய்வதற்குப் பாயிண்ட் இல்லை, அடிக்கடி சரிபார்க்கும் வேலையும் இல்லை. ஆனால் அப்பெட்டிக்கு மின்சாரம் ஊட்ட ஒரு தனிக் காயிலும், 'இப்போது விடு' என்று வேளை சொல்ல ஒரு சிறு காயிலும் மேக்னெட்டுக்குள் இருக்க வேண்டும். பாயிண்ட் வண்டியில் அவை கிடையா. பெட்டியை மட்டும் வாங்குவது, கிணறில்லாத வீட்டில் ராட்டினம் மாட்டியது போலாகும். மாற்ற விரும்புவோர், தம் வண்டிக்கே உரிய காயில் தட்டு, மேக்னெட், பெட்டி, ஹெச்டி காயில் நான்கும் ஒரே ஜதையாகக் கிடைத்தால் மட்டும் மாற்றுக. பேட்டரிக்கென அமைந்த பெட்டி வேறு, மேக்னெட்டுக்கென அமைந்தது வேறு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாட்டினால் வேலை செய்யாது, எரிந்து போகவும் கூடும்.

விளக்கைப் பற்றியும் அன்பர் கேட்டார். பேட்டரியும் ரெகுலேட்டரும் இல்லாத வண்டிகளில் விளக்கு நேரே மேக்னெட்டிலிருந்து எரிகிறது. ஆகவே முன் பல்பு போனால் அதன் பங்கும் பின் பல்பின்மேல் ஏறி, அதுவும் உடனே போய்விடும். ஒன்று போனதும் வேகத்தைக் குறைத்து வீடு சேர்வது நலம். குறித்த வாட் பல்பையே போட வேண்டும். எல்இடி பல்பு ஆசை உள்ளவர்கள் முதலில் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் ஒன்றைப் பொருத்துக, இல்லையேல் மினுமினுத்து மாளும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது விளக்கும் ஹாரனும் பார்க்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அன்பர் சென்ற வாரம் எழுதியுள்ளார். வண்டி சிவாஜி நகர் போய் நில்லாமல் திரும்புகிறதாம். போன நான்கு வீட்டில் இரண்டு வீட்டார் திரும்பியிருக்கின்றனர். மற்ற இருவரும் பாக்கெட் மாவுக்குப் பழகிவிட்டார்கள். பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அதன் விலையில் பாதியை நாம் ஏற்க முன்வந்தோம், அன்பர் வாங்கவில்லை, பதிலுக்கு இரண்டு படி மாவு அனுப்பினார். மழை தொடங்கிவிட்டபடியால் பிளக் தொப்பிக்குள் ஈரம் புகாமல் துடைத்து வைக்கும்படி அவருக்கு எழுதியிருக்கிறோம். மிக்ஸி அடுத்த மாதம்.