மூன்றில் இரண்டு எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்கு. சபையில் 203 எம்.பி.க்கள். மூன்றில் இரண்டு பங்கு எத்தனை பேர்? 135.33. ஆளை வெட்டிக் கூறு போட முடியாது. ஆக, 136.

தென்கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீயின் கணக்கே வேறு. இரண்டு முறைக்கு மேல் ஆளக்கூடாது என்ற விதி முதல் அதிபரை மட்டும் கட்டாது என்றொரு சட்டத் திருத்தம். 1954-ல் விழுந்தது 135 ஓட்டு. தோற்றது என்று அறிவித்தார்கள். இரண்டே நாளில், புள்ளிக்குப் பின்னால் இருந்ததைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஜெயித்தது என்றார்கள்!

ஏனய்யா என்று கேட்டால், நீ கம்யூனிஸ்ட். 1950-ல் வடகொரியா படையெடுத்தது நிஜம். அந்த நிஜமான பயத்தைத்தான் ரீ கடைசிவரை வட்டிக்கு விட்டார். 1956 தேர்தலில் அவரை எதிர்த்து 20 லட்சம் ஓட்டுக்கு மேல் வாங்கிய சோ போங்-ஆமை, உளவாளி என்று சொல்லி 1959-ல் தூக்கில் போட்டார்கள். நிரபராதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எப்போது தெரியுமா? 2011-ல்.

1960 மார்ச் தேர்தலில் ஊரறிந்த தில்லுமுல்லு. அதை எதிர்த்த போராட்டத்தில் காணாமல் போன மாணவனின் உடல், கண்ணில் கண்ணீர்ப்புகைக் குண்டோடு மசான் கடலில் மிதந்தது. ஊர் கொந்தளித்தது. அதுவும் கம்யூனிஸ்ட் வேலை என்றார் ரீ. இந்த முறை எடுபடவில்லை. ஏப்ரல் 19-ல் மாணவர்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே வாரத்தில் ராஜினாமா. அடுத்து, ஹவாய்க்கு ஓட்டம்.

பூச்சாண்டி காட்டி ஆள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிடும்.